மலையில் ஒரு நாள், பாயில் ஒரு வாரம்

காரை விட்டு இறங்க ஆனந்தராசாவுக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. வலது காலை வெளியே எடுக்க ஐந்து நிமிடம். எடுத்த காலைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு, "வேண்டாம் நல்லசாமி, திரும்பிப் போவம்" என்று கெஞ்ச மிச்சம் நான்கு நிமிடம்.

"எங்கங்ணா போறது? மறுபடியும் மலைக்கா?" என்றான் நல்லசாமி.

"கடவுளே, அந்தப் பேரைச் சொல்லாதை."

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி. ஓக்லாந்து நகரின் சாண்ட்ரிங்கம் பகுதியில் ஆனந்தராசாவின் வாடகை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் காரை நிறுத்தியிருந்தார்கள். அவருடைய வலது முழங்காலில் தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை ஒரு கனத்த பட்டை. வலது கைப் பெருவிரலில் ஒரு பிளாஸ்டிக் கூடு. முகம் பொரித்த கத்தரிக்காய் மாதிரிக் கறுத்திருந்தது. பனிக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும், கண்ணைச் சுற்றி இரண்டு வட்டமாக, பழைய நிறத்திலேயே நின்றது. இந்தக் கோலத்தோடு உள்ளே போய், ஹமில்டன் கிளையில் இரண்டு நாள் ஸ்டொக் எடுத்துவிட்டு வந்ததாக மனைவியிடம் சொல்ல வேண்டும்.

ஆனந்தராசா மனைவியிடம் பொய் சொல்லிப் பழகாதவர். பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார், மரியாதை என்பார். எது என்றாலும் பழக்கமில்லாத வேலைதானே, அது பிசகாமல் வராது.

விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு பெரிய பண்டகசாலையில் அவர் மேற்பார்வையாளர். நல்லசாமி அவருக்குக் கீழே கணினிப் பிரிவில் வேலை செய்கிறவன், ஈரோட்டுப் பக்கத்துக்காரன். வருடாவருடம் குளிர்காலத்தில் மேலாளர் கிரஹம் எல்லோரையும் ருவாபேஹு மலைக்குப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போவார். "ரக்பிக்கு வரமாட்டாய், பியருக்கு வரமாட்டாய், பனிக்காவது வா" என்று இந்த வருடம் தோளில் தட்டிக் கேட்டுவிட்டார். மேற்பார்வையாளர் ஆகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மறுக்க முடியவில்லை.

வீட்டில் கேட்டார். ரதிதேவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"குடிபூரல் முடியுமட்டும் நீங்கள் அந்தப் பனிப் பக்கம் தலை வைச்சும் படுக்கக் கூடாது."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கொக்குவிலில் அவர்கள் ஆறு வருடமாகக் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் வைத்திருந்தார்கள். அந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு ஊரே ஓடியது. வாங்கி வைத்த புதுப் பானையை அடுக்களையிலேயே விட்டுவிட்டு ரதிதேவியும் ஓடினாள். அந்த வீட்டில் அவர்கள் ஒரு இரவுகூடப் படுத்ததில்லை. பிறகு கொழும்பு, அதற்குப் பிறகு ஓக்லாந்து, ஏழு வருடம் யாருடையதோ சுவர்கள். ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரனிடம் கேட்க வேண்டிய வாழ்க்கை அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இப்போதுதான் மவுண்ட் ரோஸ்கிலில் மூன்று அறையோடு சொந்தமாக ஒரு வீடு கிடைத்திருக்கிறது. வருகிற ஞாயிறு நல்ல நாள். அதை விட்டால் புரட்டாதி பிறந்துவிடும், புரட்டாதியில் யாரும் புது வீட்டில் குடிபூருவதில்லை.

"வீட்டுக்காரன் கை கால் சுகமா இருந்து ஓமம் செய்து பால் காய்ச்ச வேணும்" என்றாள் ரதிதேவி. "அதுக்கு முதல் உங்களுக்கு நகக்கண்ணில ஒரு கீறல் பட்டாலும் நான் நாளைத் தள்ளிப்போட்டிடுவன். பிள்ளையின்ர தலையில கை வைச்சுச் சொல்லுங்கோ, போகமாட்டன் எண்டு."

பதினொரு வயது ராகவி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையைக் கொடுத்தாள். ஆனந்தராசா கையை வைத்துச் சத்தியம் செய்தார். அப்படிச் செய்தவர் எப்படி மலைக்குப் போனார் என்றால், நல்லசாமி இப்படிச் சொன்னான்:

"ரெண்டே நாளுங்ணா. பொறந்த குழந்தைங்க எல்லாம் அங்க சறுக்குது. அக்காவுக்குத் தெரியவா போகுது?"

குழந்தைகள் சறுக்கியது உண்மைதான். ஆனந்தராசாவின் கஷ்டம் சறுக்குமுன்பே, பலகை வாடகைக்குக் கொடுக்கும் கொட்டகையிலேயே ஆரம்பித்துவிட்டது. அங்கே ஒரு படிவம். உயரம், எடை, திறமை. திறமைக்கு மூன்று பெட்டி: ஆரம்ப நிலை, நடுத்தரம், நிபுணர். அவருடைய வம்சத்தில் எந்தப் படிவத்திலும் அடிமட்ட இடத்தைத் தானாகக் கேட்டு வாங்கியவர் கிடையாது. 'ஆரம்ப நிலை' என்று புள்ளடி போட அவருக்குக் கை வரவில்லை. 'நடுத்தரம்' என்று போட்டார். அதுவும் அடக்கமாகப் போட்டதாகத்தான் நினைத்தார், மற்றதைப் போடவில்லையே!

ஆரம்ப நிலைக்காரர்களுக்குச் சப்பாத்தைப் பலகையோடு இளக்கமாகப் பூட்டுவார்களாம். விழுந்தால் பலகை தானாகக் கழன்று காலை விட்டுவிடும். நடுத்தரக்காரர்களுக்கு இறுக்கமாகப் பூட்டுவார்களாம். இந்த உண்மை, பிற்பாடு மலையிலிருந்த டாக்டர் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வந்தது.

சனிக்கிழமை காலையில் சின்னச் சரிவில் பதினேழு தடவை விழுந்தார். ஒரு சேதமும் இல்லை. கால் இரண்டும் துவண்டுபோன பின்னேரம் மூன்றரை மணிக்கு, "கடைசியா ஒருக்கா" என்று போனார். ரோஜா நிறத் தொப்பி போட்ட ஐந்து வயதுப் பெண் ஒன்று குறுக்கே வந்தது. அவர் விலகினார். இரண்டு பலகையின் மூக்கும் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டன. உடம்பு திரும்பியது, பலகை திரும்பவில்லை, நடுவில் அகப்பட்ட முழங்காலுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். ஊன்றுகோலை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்ததில் பெருவிரல் பின்பக்கமாக மடிந்தது.

"சொரி, மிஸ்டர்" என்றுவிட்டு அந்தப் பெண் போய்விட்டது.

"பெருவிரலில் மூட்டு நார் கிழிந்திருக்கிறது, முழங்காலிலும் நார் கிழிந்திருக்கிறது. இரண்டும் இங்கே தினம் பார்க்கிற காயம்தான். பெருவிரல் காயத்துக்குப் பனிச்சறுக்குக்காரன் பெருவிரல் என்றே பெயர்" என்றார் டாக்டர் மிகுந்த உற்சாகத்தோடு. "அநேகம் பேர் 'கடைசியாக ஒரு தடவை' என்று போய்த்தான் விழுகிறார்கள். ஆறு வாரம் முழங்காலை மடக்க வேண்டாம். அந்தக் கையால் எதையும் பிடிக்க வேண்டாம்."

ஆறு வாரம். குடிபூரலுக்கு எட்டு நாள்.

"அண்ணா, நான் சொல்றதைக் கேளுங்க" என்றான் நல்லசாமி காருக்குள். "பட்டையையும் கூட்டையும் கழட்டி நம்ம டிக்கியில போட்டுருங்க. காலையில வேலைக்குப் போறப்ப மாட்டிக்கலாம், சாயந்திரம் கழட்டிக்கலாம். ஒரு வாரம் சமாளிச்சா கிரகப்பிரவேசம் முடிஞ்சுரும். அப்புறம் படியில விழுந்தேன்னு சொல்லிக்கலாம்."

"முகம்?"

"ஹமில்டன்ல குளிர் அறைக்குள்ள ஸ்டொக் எடுத்தீங்க. குளிர்ல கருகிருச்சு. கண்ணாடி போட்டிருந்தீங்க. அதான் வட்டம்."

ஆனந்தராசாவுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அந்த நேரத்தில் அவருக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான்.

கதவைத் திறந்த ரதிதேவி நெஞ்சில் கை வைத்தாள்.

"என்னப்பா இது முகம்?"

"குளிர் அறை. ரெண்டு நாளும் அதுக்குள்ளதான்."

"யூ லுக் லைக் எ பாண்டா, அப்பா" என்றாள் ராகவி.

"நடையும் ஒரு மாதிரி இழுக்குதே?"

"காருக்குள்ள இருந்து வந்தது. கால் விறைச்சுப் போச்சு."

ரதிதேவி அவரைக் கதிரையில் இருத்தி, தேங்காயெண்ணெயைத் தொட்டு முகத்தில் தடவிவிட்டாள். "இப்பிடி மாடு மாதிரி வேலை வாங்கிறாங்களே" என்று கம்பெனியைத் திட்டினாள். அவளுடைய விரல்கள் மெதுவாகப் பட்டன. ஆனந்தராசாவுக்கு வெட்கமாக இருந்தது. பசியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

திங்கட்கிழமை பகல் நன்றாகவே போனது. நல்லசாமியின் காருக்குள் பட்டையை மாட்டினார், வேலையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு இருந்தார், திரும்பும்போது காருக்குள் கழற்றினார். மாலையில் சாப்பாட்டு மேசைக்கு வந்தவர், தட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

நண்டு.

"நாளையிலயிருந்து ஞாயிறு வரையும் வீட்டில மச்சம் மாமிசம் இல்லை" என்றாள் ரதிதேவி. "அதுதான் இண்டைக்கே உங்களுக்குப் பிடிச்சதைச் சமைச்சனான். நல்ல பெரிய கால் எல்லாம் உங்களுக்கு."

நண்டுக் காலை உடைக்கப் பெருவிரல் வேண்டும். சோறு குழைக்கப் பெருவிரல் வேண்டும். குழைத்த சோற்றை வாய்க்குள் தள்ளுவதற்கும் பெருவிரல்தான் வேண்டும். மனிதனைக் குரங்கிலிருந்து உயர்த்தியது பெருவிரல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆனந்தராசா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நான்கு விரலால் சோற்றை அள்ளிப் பார்த்தார், அது மேசையில் விழுந்தது. இடது கை தன்னையறியாமல் தட்டுப் பக்கம் போனது.

"இடது கையாலயோ?" என்றாள் ரதிதேவி திகைத்து.

"இல்லை... ஒரு கரண்டி தாரும்."

"நண்டுக்குக் கரண்டியோ? என்னப்பா, கையில ஏதும் பட்டதோ?"

"கையில ஒண்டும் இல்லை!" என்றார் ஆனந்தராசா அவசரமாக. வாய்க்கு வந்தது வெளியே வந்தது. "நான்... இண்டையிலயிருந்து விரதம். மறந்துபோய் வந்து இருந்திட்டன்."

"விரதமோ?"

"ஓம். குடிபூரல் முடியுமட்டும். ஒரு நேரம் பாலும் பழமும். கொக்குவில் வீடு மாதிரி இதுவும் போயிடக் கூடாது எண்டு நேர்ந்துகொண்டனான்."

ரதிதேவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய உதடு துடித்தது. துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறு என்று குசினிக்குள் போனாள். தோள் குலுங்கியது. உள்ளேயிருந்து நெடுநேரம் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. இவ்வளவு உருகுவாள் என்று ஆனந்தராசா எதிர்பார்க்கவில்லை, அவருக்குமே கண் கலங்கியது.

திரும்பி வந்தவளின் கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பாய்.

"விரதம் எண்டால் முறையா இருக்க வேணும். கட்டிலில படுக்கக் கூடாது. காலமை நாலரைக்குப் பச்சைத் தண்ணியில குளிக்க வேணும்."

"இந்தக் குளிரிலயோ?"

"நேர்ந்தது நீங்கள்தானே அப்பா. நான் ஒண்டும் சொல்லேல்லை."

முழங்காலை மடக்காமல் நிலத்தில் படுக்க ஒரு வழி உண்டு. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மரம் சாய்கிற மாதிரிப் பக்கவாட்டில் சாய வேண்டும். எழும்புவதற்குத்தான் வழி கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை ஆனந்தராசா குப்புறப் புரண்டு, அலுமாரிவரை தவழ்ந்துபோய், அதன் கைப்பிடியைப் பிடித்து எழும்பினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"அந்தக் குளியல்ல இருந்தாச்சும் தப்பிச்சிருங்க. வாரம் முழுக்க ஆறு மணிக்கே வேலைன்னு சொல்லுங்க" என்றான் நல்லசாமி.

சொன்னார்.

"அப்ப மூண்டரைக்கே எழுப்பிவிடுறன். அவசரமாக் குளிச்சால் விரதத்துக்குப் பலனில்லை" என்றாள் ரதிதேவி.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது குசினி நிலத்தில் திருவலை இருந்தது. பக்கத்தில் பன்னிரண்டு தேங்காய், உடைத்து வைத்த இருபத்துநான்கு பாதிகள். திருவலை என்பது மூக்கில் இரும்புப் பல் வைத்த ஒரு சின்னப் பலகை. அதில் ஏறிக் குந்தி, முழங்காலை மடக்கி, பாதித் தேங்காயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் திருவ வேண்டும். ஆறு வாரம் எதைச் செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னாரோ, அது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்விக்கிற கருவி.

"ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு" என்றாள் ரதிதேவி. "விரதக்காரர் கையால திருவினால் நல்லதெண்டு அன்னபாக்கியம் மாமி சொன்னவ. குளிர்ப்பெட்டியில வைச்சிடலாம்."

"கடையில திருவினது பக்கெட்டில விக்குதே ரதி?"

"அதை ஆர் கையால திருவினாங்களோ!"

மூன்று பாதி திருவினார். நான்காவது பாதி கையை விட்டுப் பறந்துபோய்க் குளிர்ப்பெட்டியில் மோதியது. ரதிதேவி வெளியே துணி எடுக்கப் போன சமயம் பார்த்து மகளைக் கெஞ்சினார்.

"ராகவி, அப்பாவுக்கு ஒருக்காத் திருவித் தாவம்மா."

"சொரி அப்பா" என்றாள் ராகவி. "இட்ஸ் யுவர் விரதம்."

வியாழக்கிழமை ஆனந்தராசா ஒரு கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓமத்துக்கு எப்படியும் சம்மணம் கட்டி இருக்க முடியாது. ஒரு கதிரை வேண்டும். கதிரை கேட்க ஒரு காரணம் வேண்டும். காயம் என்றால் நாள் தள்ளிப்போகும். விரதத்தால் வந்த நோ என்றால்?

"ரதி, பாயில படுத்து முழங்கால் கொஞ்சம் பிடிச்சுப்போச்சு" என்றார். "காயம் இல்லை, சும்மா ஒரு பிடிப்பு. ஓமத்துக்கு ஒரு கதிரை போட்டால்..."

"விரதத்தில வாற நோவுக்குக் கதிரை போடுறதோ? சாமியிட்ட எல்லோ சொல்ல வேணும்" என்றாள் ரதிதேவி. "நாளைக்கு வெள்ளிக்கிழமைப் பூசையில நல்லா விழுந்து கும்பிடுங்கோ. எட்டு அங்கமும் நிலத்தில பட வேணும்."

வெள்ளிக்கிழமைப் பூசை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கும். வார நாட்களில் தபால் பிரிக்கும் வேலை பார்க்கிற வரதராஜ ஐயர்தான் பூசை செய்வார். தீபம் காட்டி முடிந்ததும் ரதிதேவி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆனந்தராசா நல்லசாமியின் தோளைப் பிடித்துச் சாய்ந்து, எட்டு அங்கமும் நிலத்தில் பட விழுந்தார்.

விழுந்தவர் விழுந்தவர்தான்.

அலுமாரி இல்லாத மண்டபத்தில் எதைப் பிடித்து எழும்புவது? ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. திருநீறு வாங்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள்.

"உப்பிடி ஒரு பக்தியை நான் நல்லூர்க் கோயிலிலயும் காணேல்லை" என்றார் அன்னபாக்கியம் மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு. "பிள்ளை ரதி, நீ குடுத்து வைச்சனீ."

"ஓம் மாமி" என்றாள் ரதிதேவி தலையைக் குனிந்துகொண்டு.

நல்லசாமி மெதுவாகப் பக்கத்தில் விழுந்து கும்பிட்டான்.

"ஏனுங்ணா, எந்திரிக்க முடியலீங்களா?" என்று காதுக்குள் கேட்டான்.

"கேக்கிறாய் பார் கேள்வி. தூக்கடா!"

"எல்லாரும் பாக்கறாங்ணா."

"அப்ப இஞ்சையே குடிபூரட்டோ?"

கடைசியில், பக்திப் பரவசத்தில் இருவரும் கட்டிக்கொண்டு எழுந்த மாதிரி ஒரு காட்சி நடந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அன்னபாக்கியம் மாமி அன்றிரவே அறிந்தவர் தெரிந்தவர் எல்லோருக்கும் போன் எடுத்துவிட்டார். முப்பது பேருக்கு என்று நினைத்த குடிபூரலுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுபது பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டைப் பார்க்க வரவில்லை, ஆனந்தராசாவைப் பார்க்க வந்தார்கள்.

புது வீட்டின் கூடத்தில் கம்பளத்தைச் சுருட்டிவிட்டுத் தகரத்தட்டில் மணல் பரப்பி ஓமகுண்டம் வைத்திருந்தார்கள். ஆனந்தராசா முதல் காரியமாக வரதராஜ ஐயரை ஓரங்கட்டினார்.

"ஐயா, ஒரு கதிரையில இருந்து செய்தால்..."

"அந்தத் தர்ப்பையை இஞ்சால எடுங்கோ" என்றார் ஐயர்.

"இல்லை ஐயா, முழங்கால் கொஞ்சம்..."

"நேரமாகுது, நேரமாகுது. நிலத்தில இருங்கோ, சம்மணம் கட்டுங்கோ."

எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ரதிதேவி கூறைச் சேலையில் வந்து அமர்ந்தாள். ஆனந்தராசா பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை மடக்கினார். பிறகு, அம்மா என்ற சொல்லை வாய்க்குள்ளேயே நிறுத்தி, வலது காலை மடக்கினார். அவருடைய கண்ணில் தண்ணீர் முட்டியது.

"மனமுருகிப் போனார்" என்றது பின்னால் ஒரு குரல்.

முக்கால் மணித்தியாலத்தில் முடியும் என்று அவர் நினைத்திருந்தார். போன வருடம் இன்னொரு வீட்டில் இதே ஐயர் முக்கால் மணித்தியாலத்தில் முடித்ததை அவர் கண்ணால் கண்டவர். இங்கே பிள்ளையார் வந்தார். ஒன்பது கிரகமும் தனித்தனியாக வந்தன. வாஸ்து வந்தார். எட்டுத் திக்குக் காவலர்களும் ஆறுதலாக, ஒருவருக்குப் பின் ஒருவராக வந்தார்கள். நெய்க் கரண்டியைப் பெருவிரல் இல்லாமல் பிடித்து ஆனந்தராசாவின் மணிக்கட்டு மரத்துப்போனது. முடிந்தது என்று அவர் மூச்சு விடும்போது ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு கட்டுச் சமித்தை அவிழ்த்தார்.

"ஐயா, இன்னும் இருக்கோ?"

"எட்டு லட்சுமியும் இருக்கே."

"ஆறுதலாச் செய்யுங்கோ ஐயா" என்றாள் ரதிதேவி. "ஒரு அவசரமும் இல்லை."

ஒருவழியாக எல்லாம் முடிந்து பால் காய்ச்சுகிற நேரம் வந்தது. நல்லசாமி பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினான். குசினியில் புது அடுப்பில் புதுப் பானை. ரதிதேவியும் அவரும் சேர்ந்து பாலை ஊற்றினார்கள். ராகவி பானையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் விளிம்புவரை ஏறி, ஒரு கணம் நின்று, பிறகு வெள்ளையாகப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ரதிதேவி பானையைப் பார்த்தபடியே, "ஏழு வருசம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவருடைய கையைப் பிடித்தாள். வலது கையை. பெருவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களை.

ஆனந்தராசாவுக்குத் தாங்கவில்லை. இந்தப் பெண்ணையா ஏமாற்றினோம், ஒரு நாள் சறுக்கலுக்காக இந்தப் பாலையல்லவா பணயம் வைத்தோம் என்று திரும்பத் திரும்ப நினைத்தார். முழங்கால் நோ ஒரு பக்கம் கிடக்கட்டும். இந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் அவரால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. ஆனால் இன்றைக்கு, இந்தச் சந்தோஷத்தின் நடுவில், அவளிடம் எப்படிச் சொல்வது?

எல்லோரும் சாப்பிட இருந்த பிறகு, வரதராஜ ஐயரின் பையை இடது கையில் தூக்கிக்கொண்டு அவரோடு அவருடைய வான் வண்டியடிக்கு நொண்டி நொண்டிப் போனார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஐயா, நான் ஒரு பெரிய பிழை செய்துபோட்டன்" என்றார் மெல்லிய குரலில். "பிள்ளையின்ர தலையில அடிச்சுச் சத்தியம் செய்துபோட்டு, மனுசிக்குத் தெரியாமல் பனிமலைக்குப் போய் விழுந்திட்டன். விரதம் எண்டதும் பொய். நண்டு தின்ன ஏலாமல் சொன்னது. இதுக்கு ஏதும் பரிகாரம் இருந்தால் சொல்லுங்கோ. எவ்வளவு கஷ்டமெண்டாலும் செய்யிறன்."

வரதராஜ ஐயர் வானின் பின்கதவைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பைக்கு இடம் செய்தார்.

"பரிகாரம் எல்லாம் முடிஞ்சுது, தம்பி" என்றார். "திங்கட்கிழமை காலமை மலை டாக்குத்தர் உங்கட வீட்டுக்குப் போன் எடுத்து முழங்கால் எப்பிடியெண்டு விசாரிச்சவராம்; நாளைத் தள்ளிப்போடுவமோ எண்டு நான் கேட்டதுக்கு உங்கட மனுசி, 'நாளைத் தள்ள வேண்டாம் ஐயா, ஓமத்தை மட்டும் நீட்டுங்கோ, தப்பித்தவறியும் கதிரை குடுத்திடாதேங்கோ' எண்டு சொல்லிப்போட்டா."